ரைடிங் மோவருக்குப் புது பிளேடு: ஹை-லிஃப்ட்டா, மல்ச்சிங்கா, கேட்டரா?

வாரம் தவறாமல் வெட்டியும் புல்தரை பழுப்படித்துத் தெரிகிறதென்றால் குனிந்து ஒரு புல்லைக் கிள்ளிப் பாருங்கள். நுனி நறுக்கென்று வெட்டுப்பட்டிருந்தால் குறை தண்ணீரிலோ உரத்திலோ இருக்கலாம். நார் நாராகக் கிழிந்திருந்தால் பிளேடு மழுங்கிவிட்டது. கிழிந்த நுனி ஓரிரு நாளில் காய்ந்து பழுப்பாகும், நோயும் அந்த வழியாகத்தான் சுலபமாக நுழையும். சரி, புதிது வாங்கிவிடலாம் என்று கடைத் தளத்தைத் திறந்தால் அடுத்த தலைவலி. '42 அங்குல பிளேடு' என்று தேடினால் ஹை-லிஃப்ட், 2-இன்-1, 3-இன்-1, மல்ச்சிங், கேட்டர், லோ-லிஃப்ட் என்று வரிசை கட்டி நிற்கின்றன. விலையும் ஒன்றுக்குச் சுமார் 12 டாலரில் தொடங்கி 40 டாலர் வரை போகிறது. எல்லாவற்றின் கீழேயும் யாராவது ஒருவர் 'கச்சிதமாகப் பொருந்தியது' என்று எழுதியிருப்பார். அவருடைய மோவர் எது என்று மட்டும் சொல்லியிருக்க மாட்டார்.

நான் இருப்பது நார்த் கரோலினாவின் நடுப்பகுதியில். செம்மண், டால் ஃபெஸ்க்யூ புல், அக்டோபர் வந்துவிட்டால் ஓயாமல் கொட்டும் ஓக் இலை. இந்தப் பக்கம் முக்கால் ஏக்கர், ஒரு ஏக்கர் என்று வீடு வாங்கியிருக்கும் நம்மவர்களிடம் பெரும்பாலும் இருப்பது 42 அல்லது 46 அங்குல டெக் (பிளேடுகளை மூடியிருக்கும் அடிப்பகுதி) வைத்த, உட்கார்ந்து ஓட்டும் ரைடிங் மோவர். அதை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். நின்ற இடத்திலேயே திரும்பும் ஜீரோ-டர்ன் மோவர் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். எது நல்ல பிளேடு என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வெட்டிய புல் எங்கே போக வேண்டும்? பக்கவாட்டில் வீசப் போகிறீர்களா, பையில் பிடிக்கப் போகிறீர்களா, பொடியாக்கித் தரையிலேயே விடப் போகிறீர்களா? இதற்குப் பதில் தெரிந்தால் மேலே சொன்ன ஆறு வகையில் நான்கு தானாகக் கழிந்துவிடும்.

அதற்கும் முன்னால், வாங்கத்தான் வேண்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மழுங்கியது மட்டும்தான் குறை என்றால் சாணை பிடித்தால் போதும். 20, 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை சாணை பிடிப்பது பொதுவான கணக்கு. ஆனால் பிளேடின் தட்டையான பகுதியும் மேல்நோக்கி மடிந்த பின்விளிம்பும் சேரும் இடத்தைக் கவனமாகப் பாருங்கள். மண்ணும் மணலும் உரசி முதலில் மெலிவது அந்த இடம்தான். அங்கே பள்ளமோ கீறலோ விழுந்திருந்தால் எவ்வளவு கூராக இருந்தாலும் அந்த பிளேடு வேண்டாம். ஓடும்போது அந்தத் துண்டு உடைந்து பறக்கும். வேரிலோ கல்லிலோ மோதி வளைந்த பிளேடையும் தட்டி நேராக்கப் பார்க்காதீர்கள், வெல்டிங்கும் கூடாது. அது குப்பைக்குத்தான்.

முதலில் ஓட்டை, பிறகுதான் வகை

பொருத்தம் என்பது நாம் தேர்ந்தெடுக்கும் விஷயமே இல்லை. மோவர் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கிறது. 42 அங்குலம் என்பது டெக்கின் அகலம். அதற்குள் வழக்கமாக இரண்டு பிளேடுகள், ஒவ்வொன்றும் சுமார் 21 அங்குலம். 54 அங்குல டெக் என்றால் மூன்று இருக்கும். ஆனால் எல்லாக் கம்பெனியின் 42 அங்குல டெக்கிலும் ஒரே பிளேடு உட்காராது. நீளம் சிறிதளவு மாறும், நடு ஓட்டையின் வடிவம் அடியோடு மாறும். சிலவற்றில் வெறும் வட்டம், பலவற்றில் நட்சத்திரம். நட்சத்திரத்திலும் ஐந்து முனை, ஆறு முனை, ஏழு முனை என்று உண்டு. ஹஸ்க்வர்னா குடும்பத்தின் 42 அங்குல டெக்குகளில் ஐந்து முனை சகஜம். எம்டிடி தயாரிப்புகளில், அதாவது டிராய்-பில்ட், கப் கேடட் போன்றவற்றில், ஆறு முனை அதிகம்.

இதில் நம்மவர்கள் அதிகம் சறுக்குவது கிராஃப்ட்ஸ்மேனில். பழைய மோவரைப் பக்கத்து வீட்டுக்காரரிடமோ கராஜ் சேலிலோ வாங்கியிருப்போம், மேலே கிராஃப்ட்ஸ்மேன் என்று இருக்கும், கடையிலும் 'கிராஃப்ட்ஸ்மேன் 42' என்று கேட்டு வாங்கி வருவோம். பிளேடு உட்காராது. காரணம், சியர்ஸ் கடை அந்தப் பெயரை வைத்திருந்த காலத்தில் மோவர்களைத் தானே செய்யவில்லை, வெவ்வேறு தொழிற்சாலைகளிடம் செய்து வாங்கியது. சீட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண் 917 என்று தொடங்கினால் அது பின்னாளில் ஹஸ்க்வர்னாவோடு சேர்ந்த ஏஒய்பி தொழிற்சாலையில் செய்தது. 247 என்று தொடங்கினால் எம்டிடி செய்தது. 2017இல் கிராஃப்ட்ஸ்மேன் பெயரை ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் வாங்கியது, அதற்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் எம்டிடி ரகம்தான். 2021 கடைசியில் எம்டிடி கம்பெனியையே ஸ்டான்லி முழுவதுமாக எடுத்துக்கொண்டது. ஆக, மேலே உள்ள பெயரைப் பார்த்து வாங்க முடியாது. சீட்டைத் தூக்கி எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

நீளத்தை அளக்கும்போது விளிம்போடு நேராக டேப் பிடிக்கக் கூடாது. ஒரு வெட்டுமுனையின் மூலையிலிருந்து நடு ஓட்டை வழியாக எதிர் வெட்டுமுனையின் மூலை வரை குறுக்காக அளக்க வேண்டும். 'அரை அங்குலம் கூட இருந்தால் இன்னும் அகலமாக வெட்டுமே' என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் வீட்டு உபயோக மோவர்களுக்கான தரநிலை, பிளேடு நுனியின் வேகம் நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக் கூடாது என்கிறது. மணிக்குச் சுமார் 347 கிலோமீட்டர். கம்பெனிக்காரர்கள் அந்த எல்லைக்கு உட்பட்டுத்தான் நீளத்தையும் சுழற்சியையும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். நீளம் கூடினால் அந்தக் கணக்கு கெடும், போதாததற்கு டெக்கின் சுவரிலோ பக்கத்து பிளேடிலோ இடிக்கும். குறைந்தாலோ இரண்டு பிளேடுக்கும் நடுவில் வெட்டுப்படாத ஒரு கோடு நீளமாக விட்டுப்போகும்.

இவ்வளவுக்கும் பதிலாக ஒரு குறுக்குவழி: பழைய பிளேடில் பொறித்திருக்கும் எண், அல்லது கையேட்டில் இருக்கும் பாக எண். அதை வைத்துத் தேடினால் தவறு நேராது. ஒரே டெக்குக்கு இரண்டு மூன்று எண் இருக்கலாம். ஏஒய்பி 42 அங்குல டெக்குக்கு 134149 ஹை-லிஃப்ட், 138971 மல்ச்சிங். இரண்டும் ஒரே ஓட்டையில் உட்காரும், ஆனால் செய்கிற வேலை வேறு. இங்கேதான் நம் தேர்வு தொடங்குகிறது.

காற்றும் புல்லும்

மோவர் பிளேடுக்கு வெட்டுவது பாதி வேலைதான். மடிந்த பின்விளிம்பு, இங்கே விங் என்பார்கள், மின்விசிறி இறக்கை போலக் காற்றை மேலே இழுக்கிறது. அந்தக் காற்று படுத்திருக்கும் புல்லை நிமிர்த்தி வெட்டுவாய்க்குக் கொடுக்கிறது, வெட்டிய புல்லைத் தூக்கி வெளியேயும் தள்ளுகிறது. பிளேடு வகைகளுக்குள் உள்ள வித்தியாசம் முக்கால்வாசி இந்த விங்கின் உயரத்திலும் வளைவிலும்தான்.

விங் உயரமாக இருந்தால் ஹை-லிஃப்ட். காற்று இழுப்பு பலமானது. பக்கவாட்டில் தள்ளும்போது புல் கொத்தாக விழாமல் அகலமாகச் சிதறும், பையில் பிடிப்பவர்களுக்குப் பை வாய்வரை நிறையும். பை மாட்டுகிறவர்கள் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. மற்ற பிளேடு போட்டால் குழாய் வழியிலேயே புல் அடைத்துக்கொள்ளும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கிக் குச்சியால் குத்திக்கொண்டிருக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் ஃபெஸ்க்யூ மளமளவென்று எகிறும்போதும் ஹை-லிஃப்ட்தான் சமாளிக்கிறது. கெடுதல் என்று பார்த்தால் சத்தம் அதிகம், எஞ்சினும் பெல்ட்டும் கூடுதலாக உழைக்க வேண்டும், பெட்ரோலும் சற்றே கூடும். மணல் தரையில் இன்னொரு கெடுதலும் உண்டு. இழுக்கிற காற்றோடு மணலும் சுழன்று வந்து விங்கை உள்ளிருந்து அரித்துவிடும். ஃப்ளோரிடாவிலோ கரோலினாக்களின் கடற்கரைப் பக்கமோ இருப்பவர்கள் லோ-லிஃப்ட் வாங்குவது இதனால்தான். விங் தாழ்ந்திருக்கும், மணல் கிளம்பாது, புழுதியும் குறையும். ஆனால் செம்மண்காரர்கள் 'எஞ்சினுக்கு லேசாக இருக்குமே' என்று லோ-லிஃப்ட் வாங்கினால் ஈரப் புல்லில் திண்டாடுவார்கள்.

மல்ச்சிங் பிளேடில் வெட்டுவாய் நீளமாக, நெளிந்து, சிலவற்றில் இரண்டு மட்டமாக இருக்கும். வெட்டிய புல்லை உடனே வெளியே விடாமல் டெக்குக்குள்ளேயே சுற்றவிட்டு மறுபடி மறுபடி நறுக்கும். கடைக்காரர்கள் 3-இன்-1 என்று விற்பது பெரும்பாலும் இந்த ரகம்தான்: மல்ச், பை, பக்கவாட்டு வீச்சு மூன்றும் செய்யும் என்பது விளம்பரம். முதலாவதை நன்றாகச் செய்யும், மற்ற இரண்டையும் சுமாராகச் செய்யும். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பக்கவாட்டு வாயை அடைக்கும் மல்ச் பிளக் இல்லாமல் பிளேடை மட்டும் மாற்றினால் பாதிப் பலன்கூட இல்லை. பொடியாக வேண்டிய புல் முதல் சுற்றிலேயே வெளியே ஓடிவிடும். பிளேடின் விலையோடு பிளக்கின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பொடியாக்கித் தரையில் விடுவதால் புல்லுக்கு நல்லதுதான். பல்கலைக்கழக வேளாண் விரிவாக்கத் துறைகள் பல வருடங்களாகச் சொல்லி வருவது இது: வெட்டிய புல்லைத் தரையிலேயே விட்டால் வருடத்துக்குத் தேவையான நைட்ரஜனில் கால் பங்கு வரை திரும்பக் கிடைக்கும். தரையில் விட்டால் அடியில் மெத்தையாகப் படிந்து தாட்ச் ஆகிவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. புல் நறுக்கில் பெரும்பகுதி தண்ணீர், சீக்கிரம் மக்கிவிடும். தாட்ச் என்பது தண்டும் வேரும் சேர்ந்து உண்டாவது. ஆனால் மல்ச்சிங் ஒழுங்காக நடக்க வேண்டுமானால் நாம் ஒழுங்காக இருக்க வேண்டும். ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது, புல் காய்ந்திருக்க வேண்டும், வண்டியை மெதுவாக விட வேண்டும். இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து எட்டு அங்குலப் புல்லில் மல்ச்சிங் பிளேடோடு இறங்கினால் டெக் அடைத்து, பச்சை உருண்டைகளைத் தரை முழுக்கப் போட்டுக்கொண்டே போகும். எஞ்சினும் திணறும். மல்ச்சிங் மென்மையான வேலை என்று நினைப்பார்கள், ஆனால் ஒரே புல்லை நாலு முறை வெட்டுவதற்குச் சக்தி கூடத்தான் வேண்டும். 17, 18 குதிரைத்திறன் எஞ்சினில் 42 அங்குல டெக் என்றால் காய்ந்த, அளவான புல்லில் மட்டும் நடக்கும்.

ஹை-லிஃப்ட்டுக்கும் மல்ச்சிங்குக்கும் நடுவில் வருவதுதான் கேட்டர். ஓரெகன் கம்பெனியின் பெயர் அது, ஆனால் விங்கில் பல் வெட்டிய எல்லா பிளேடுகளையும் இப்போது அந்தப் பெயரில்தான் கேட்கிறார்கள். விங் ஓரளவு உயரமாக இருக்கும், அதன் விளிம்பில் ரம்பம் மாதிரி பற்கள். அந்தப் பற்கள் மேலே போகும் புல்லையும் இலையையும் கிழித்து மறுபடி வெட்டுவாய்ப் பக்கம் திருப்பிவிடும். பிளக் போட்டால் மல்ச்சிங், பிளக் இல்லாமல் ஓட்டினால் சிறு துணுக்குகளாகப் பக்கவாட்டில் சிதறும். பைக்கு ஹை-லிஃப்ட் அளவு இழுப்பு கிடையாது. வசந்தகாலத்து உயரமான ஈரப் புல்லிலும் ஹை-லிஃப்ட் விட்டுப்போகிற சுத்தம் இதில் வராது. ஆனால் இலையுதிர் காலத்தில் இதற்கு ஈடு இல்லை. ஓக், மேப்பிள் இலைகளை வாரிக் காகிதப் பையில் கட்டித் தெருவோரம் அடுக்குகிற வேலையைப் பாதிக்கு மேல் குறைத்துவிடுகிறது. காய்ந்த நாளாகப் பார்த்து இரண்டு திசையில் ஒவ்வொரு முறை ஓட்டினால் இலை பொடிப்பொடியாகிப் புல்லுக்குள் இறங்கிவிடும். செப்டம்பரில் ஃபெஸ்க்யூ விதை போட்டவர்கள் மட்டும் முளை நன்றாக வேர் பிடிக்கும் வரை பொறுக்க வேண்டும். அதே சமயம் இலையைக் குவியவிட்டு முளையை மூடவிடவும் கூடாது. பைன் ஊசிகளை எந்த பிளேடும் அழகாகப் பொடியாக்குவதில்லை, அதை வாரத்தான் வேண்டும்.

பக்கவாட்டில் வீசுபவர்களுக்கு ஒரு குறிப்பு. நம் வீடுகளில் பின்புறம் கத்தரி, மிளகாய், வெண்டை என்று பாத்தி கட்டாதவர் குறைவு. ஹை-லிஃப்ட் போட்டால் புல்லும் களை விதையும் தெறிக்கும் தூரம் கூடும். வேலிப் பக்கமும் பாத்திப் பக்கமும் போகும்போது வாய் உட்புறம் பார்க்கும்படி திசையை வைத்துக்கொள்ளுங்கள். புல்லுக்குக் களைக்கொல்லி அடித்திருந்தால் அந்த நறுக்கைப் பாத்திக்கு மூடாக்காகப் போடுவதும் ஆபத்து. குழந்தைகள் வெளியே இருக்கும் நேரத்தில், எந்த பிளேடாக இருந்தாலும், வெட்டவே வேண்டாம்.

கம்பெனி பாகமா, வெளியார் தயாரிப்பா

பச்சை நிற ஜான் டியர் மோவர் வைத்திருப்பவர் பச்சைப் பெட்டியில் வந்த பிளேடுதான் போட வேண்டும் என்றில்லை. ஓரெகன், ரோட்டரி, ஸ்டென்ஸ் போன்ற பெயருள்ள கம்பெனிகள் பிளேடு விற்பதையே தொழிலாக வைத்திருப்பவை. அவற்றின் அட்டையில் எந்த மூலப் பாக எண்ணுக்கு மாற்று என்று தெளிவாக இருக்கும். இவற்றுக்கும் மோவர் கம்பெனியின் சொந்த பிளேடுக்கும் இடையே புல்தரையில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மோவர் உத்தரவாதக் காலத்தில் இருந்தால் மட்டும் மூலப் பாகத்தையே போடுங்கள், வீண் வாக்குவாதம் மிச்சம்.

நான் கிட்டப் போகாதது பெயரே இல்லாமல் '42 அங்குலம், எல்லா மோவருக்கும்' என்று வருகிறவற்றை. விலை கவர்ச்சிதான். ஆனால் பிளேடு எஃகில் ஒரு நுட்பம் இருக்கிறது. கூர் நிலைக்கக் கடினமாக இருக்க வேண்டும், ஆனால் வேரில் மோதினால் வளைய வேண்டுமே தவிரக் கண்ணாடித் துண்டாகச் சிதறக் கூடாது. அந்த இரண்டையும் சேர்த்துத் தருவது சூடாக்கிக் குளிர்விக்கும் பதம். அதை அட்டைப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. எடைச் சமநிலையும் அப்படித்தான். ஒரு ஆணியைச் சுவரில் அடித்து நடு ஓட்டையை மாட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் சரிகிற புது பிளேடுகளும் வருகின்றன. சரிகிற பிளேடைப் போட்டு ஓட்டினால் ஸ்பிண்டில், அதாவது பிளேடைச் சுழற்றும் அச்சு, அதன் பேரிங் போகும். பிளேடில் பத்து டாலர் மிச்சம் பிடித்து ஸ்பிண்டிலுக்குச் செலவழிப்பது என்ன கணக்கு?

எல்லாவற்றையும் விடக் கடினம் என்று சொல்லி, வெட்டுவாயில் டங்ஸ்டன் கார்பைடு பூசிய பிளேடுகளும் உண்டு. அதிகம் ஓட்டுகிற தோட்டத் தொழில்காரர்களுக்கு அது கட்டுப்படியாகும். வாரம் ஒன்றரை மணி நேரம் வெட்டுகிற வீட்டுக்காரருக்கு அந்தக் காசில் சாதா பிளேடு இரண்டு செட் கிடைக்கும், ஒன்று ஓடும்போது இன்னொன்றைச் சாணை பிடித்துத் தயாராக வைக்கலாம்.

என்னிடம் யோசனை கேட்டால், பெரிய மரங்கள் இல்லாத, பை மாட்டும் வீட்டுக்கு ஹை-லிஃப்ட் மட்டும். மரங்கள் சூழ்ந்த வீடு, ஒரே செட்தான் வாங்க மனம் என்றால் கேட்டர். இரண்டு செட்டுக்கு வசதி இருந்தால் மார்ச்சிலிருந்து ஹை-லிஃப்ட், இலை கொட்டத் தொடங்கியதும் கேட்டர் என்று மாற்றிக்கொள்வது இந்தப் பக்கத்துக்கு நன்றாக ஒத்துவருகிறது. தனி மல்ச்சிங் பிளேடை, வாரம் இரண்டு முறை வெட்டப் பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும் சொல்வேன். அப்படி ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. இடது பிளேடு ஒரு வகை, வலது ஒரு வகை என்று கலந்து போடவே வேண்டாம்.

மாற்றும்போது சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி, முன்பக்கத்தைத் தூக்கினால் உறுதியான தாங்கியில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் கை விடாதீர்கள். பிளேடு சுழலாமல் இருக்க ஒரு மரக்கட்டையை டெக்குக்கும் அதற்கும் நடுவில் கொடுத்து, கனமான கையுறை போட்டுக் கழற்றுங்கள். புதிதை மாட்டும்போது விங் மேலே, டெக்கைப் பார்த்து இருக்க வேண்டும். பலவற்றில் புல் பக்கம் எது என்று பொறித்தே இருக்கும். போல்ட்டை எவ்வளவு முறுக்குவது என்பதைக் கையேட்டில் பாருங்கள். ஏஒய்பி ரகங்களுக்கு 45 முதல் 55 அடி-பவுண்டு, எம்டிடி ரகங்களுக்கு 70 முதல் 90 என்று அதுவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் வாகன உதிரிபாகக் கடைகளில் முன்பணம் கட்டி இரவல் வாங்கலாம், திருப்பிக் கொடுத்தால் பணம் முழுதும் கைக்கு வந்துவிடும்.